பழைய மினி கிளப்மேன் காரில் புது சென்டர் (sender, டேங்கில் பெட்ரோல் அளவை உணரும் பாகம்) போட்ட பிறகும் பெட்ரோல் முள் எழவில்லை. எங்கிருந்து சோதிப்பது?

1975 கிளப்மேன், டேங்கில் பாதிக்கு மேல் பெட்ரோல், ஆனாலும் முள் காலியிலேயே கிடக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே, பக்கத்திலிருக்கும் டெம்பரேச்சர் முள் ஒழுங்காக ஏறுகிறது என்றும் சொல்லியிருக்கிறீர்கள். இந்தத் தகவல் முக்கியமானது. இந்த வண்டியில் இரண்டு மீட்டருக்கும் ஒரே ஸ்டெபிலைசரிலிருந்துதான் (மீட்டர்களுக்குப் போகும் வோல்ட்டைச் சீராக வைக்கும் பாகம்) கரண்ட் வருகிறது. ஒன்று சரியாக வேலை செய்தால் ஃபியூஸையும் ஸ்டெபிலைசரையும் இப்போதைக்கு விட்டுவிடலாம். மிச்சம் இருப்பவை மீட்டர், அதிலிருந்து டேங்குக்குப் போகும் பச்சை-கருப்பு வயர், சென்டர், சென்டரின் எர்த் (வண்டியின் பாடியோடு சேரும் இணைப்பு).

எர்த்தைப் பலர் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. சென்டர் மலிவு, டிக்கியைத் திறந்தால் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கிறது, அதனால் முதலில் அதை மாற்றிவிடுகிறார்கள். சோதித்துப் பார்க்காமல் சென்டர் வாங்கவே கூடாது என்பேன்.

மீட்டருக்குள் இருப்பது சூடேறினால் வளையும் இரட்டை உலோகப் பட்டை. அதைச் சுற்றிய மெல்லிய கம்பியில் கரண்ட் கூடக் கூட முள் ஏறும். சென்டரின் ரெசிஸ்டன்ஸ் டேங்க் காலியாக இருக்கும்போது சுமார் 240 ஓம், பாதியில் 70 ஓம் அளவு, நிரம்பினால் 30 ஓமுக்குப் பக்கத்தில் இருக்கும். ஆகவே இந்தச் சுற்றில் எங்கே அறுந்தாலும் முள் காலியில் நிற்கும். வயர் தேய்ந்து பாடியில் பட்டால் முள் நிரம்பிய கோட்டையும் தாண்டி ஏறிவிடும். உங்களுக்கு நடப்பது முதல் வகை.

33 ஓம், 1 வாட் ரெசிஸ்டர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். டிக்கியைத் திறந்து காற்றாட விடுங்கள். சாவி அணைத்திருக்கும்போதே சென்டரிலிருந்து பச்சை-கருப்பு வயரைக் கழற்றி, அதன் முனைக்கும் பெயின்ட் சுரண்டிய சுத்தமான பாடித் தகட்டுக்கும் நடுவில் ரெசிஸ்டரைக் கிளிப் போட்டு மாட்டுங்கள். அதன் பிறகு சாவியைப் போடுங்கள். இந்த வரிசை முக்கியம். கரண்ட் இருக்கும்போது டேங்க் பக்கத்தில் எதையும் தொட்டு எடுத்தால் பொறி வரும். முள் உடனே பாயாது, ஒரு நிமிடம் பொறுங்கள். மெதுவாக நிரம்பிய கோட்டுக்குப் பக்கத்தில் போய் நின்றால் மீட்டரும் வயரும் நலம், கோளாறு சென்டர் பக்கம்.

அப்படியானால் சாவியை அணைத்துவிட்டு மல்டிமீட்டரில் ஓம் வைத்து இரண்டு அளவு எடுங்கள். முதலில் சென்டர் முனைக்கும் சென்டரின் சொந்த உடலுக்கும், அடுத்து அதே முனைக்கும் வண்டியின் பாடிக்கும். முதல் அளவு 70 ஓம் மாதிரி வந்து இரண்டாவது எங்கோ எகிறினால் எர்த்தான் குற்றவாளி. டேங்கைப் பிடித்திருக்கும் பட்டையும் பெயின்ட், டேங்கும் பெயின்ட். அவற்றை நம்பாமல் சென்டர் உடலிலிருந்து பாடிக்குத் தனியாக ஒரு கருப்பு வயர் இழுத்துவிடுங்கள். புது சென்டர் போட்டும் மாறவில்லை என்பதால் என் முதல் சந்தேகம் இங்கேதான்.

இரண்டு அளவும் முடிவிலியாக இருந்தால் சென்டருக்குள்ளேயே தொடர்பு இல்லை. இரண்டும் 240 சுற்றி வந்தால் மிதவை ஓட்டையாகி மூழ்கியிருக்கும், அல்லது அதன் கை எங்கோ தட்டி நிற்கும். கழற்றிய மிதவையைக் காதருகே ஆட்டிப் பாருங்கள். உள்ளே பெட்ரோல் சலசலத்தால் அது போய்விட்டது.

ரெசிஸ்டர் வைத்தும் முள் அசையவில்லை என்றால் சாவியை அணைத்து ரெசிஸ்டரைக் கழற்றி, வயர் முனையை வேறு எதிலும் படாமல் விட்டு, அதற்கும் பாடிக்கும் நடுவில் மல்டிமீட்டரை மாட்டிய பிறகு சாவியைப் போட்டு வோல்ட் பாருங்கள். ஸ்டெபிலைசர் பழைய வகை என்றால் 0-க்கும் 12-க்கும் இடையே துடித்துக்கொண்டே இருக்கும். சராசரி 10 வோல்ட், அதுதான் அதன் வேலை. டிஜிட்டல் மல்டிமீட்டர் தாவுவதைப் பார்த்து ஸ்டெபிலைசர் கெட்டுவிட்டது என்று நினைக்க வேண்டாம். முனையில் எதுவுமே இல்லை என்றால் அதே சோதனையை மீட்டரின் பின்பக்கம், பச்சை-கருப்பு வயர் மாட்டிய முனையில் செய்யுங்கள். அங்கே வோல்ட் இருக்கிறது, டிக்கியில் இல்லை என்றால் வயர் அறுந்திருக்கிறது. பெரும்பாலும் முன் ஹார்னஸும் (வயர்க் கட்டு) பின் ஹார்னஸும் சேரும் புல்லட் கனெக்டர் (குழலுக்குள் செருகும் உருளை முனை) பச்சை பூத்துப் போயிருக்கும். மீட்டரின் பின்பக்கமும் இல்லை என்றால் சாவியை அணைத்து, அதன் வயர்களைக் கழற்றி இரு முனைக்கும் ஓம் பாருங்கள். சுமார் 60 ஓம் காட்ட வேண்டும். முடிவிலி என்றால் உள்கம்பி எரிந்துவிட்டது. இந்த மீட்டரை நேராகப் பேட்டரியில் வைத்துச் சோதித்தால் எரிவது அந்தக் கம்பிதான், தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

பிற்பாடு இரண்டு முள்ளும் சேர்ந்து அதிகமாகக் காட்டினால் ஸ்டெபிலைசரின் எர்த்தைப் பாருங்கள். எர்த் இல்லாவிட்டால் அதன் உள்பட்டை சூடாகாது, காண்டாக்ட் திறக்காது, மீட்டர்களுக்கு முழு பேட்டரி வோல்ட்டும் போகும்.

சென்டரைக் கழற்ற நேர்ந்தால் பேட்டரியைத் துண்டித்துவிட்டு, பெட்ரோலைச் சென்டர் துளைக்குக் கீழே இறக்கிக்கொள்ளுங்கள். துளை டேங்கின் பக்கவாட்டில் இருப்பதால் மிச்சமெல்லாம் டிக்கியில் கொட்டும். பூட்டு வளையத்தை மரக்கட்டை அல்லது பித்தளைத் துண்டு வைத்துக் கடிகார முள்ளுக்கு எதிர்த் திசையில் தட்டுங்கள், இரும்பு வேண்டாம். பழைய ரப்பர் சீலைத் திரும்பப் போடாதீர்கள். எத்தனால் கலந்த இன்றைய பெட்ரோலுக்குத் தாங்கும் புதிய சீல் தேவை.

புது சென்டரை உள்ளே விடும் முன் அதன் கையை மெதுவாக மேலும் கீழும் நகர்த்தி ஓம் பாருங்கள். கீழே 240, மேலே 30, நடுவில் எங்கும் தாவக் கூடாது. காலிக்கு 10, நிரம்பினால் 180 என்று நேரெதிராக வேலை செய்யும் சென்டர்களும் விற்கிறார்கள். அதைப் போட்டால் பெட்ரோல் குறையக் குறைய முள் ஏறும்.

கடைசியாக, ஐந்து லிட்டர் ஐந்து லிட்டராக ஊற்றி ஒவ்வொரு முறையும் முள் நின்ற இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். எல்லா இடத்திலும் ஒரே மாதிரி அதிகமாகக் காட்டினால் மிதவைக் கையைச் சற்று மேல்நோக்கி வளைத்தால் போதும், முள் இறங்கிவிடும். மீட்டரின் பின்னாலுள்ள திருத்தும் துளைகளில் கை வைப்பது மற்ற எதுவும் பலிக்காதபோது மட்டும்.