செங்கோண முக்கோணத்தில் தெரியாத கோணம்: கேள்வி பதில்

கேள்வி (பத்தாம் வகுப்பு மாணவி): சார், ஒரு கோணம் 90, இன்னொன்று 37. மூன்றாவதைக் கண்டுபிடிக்க டேன் போட வேண்டுமா?

பதில்: வேண்டாம்மா. செங்கோணம் போக மீதி இரண்டும் சேர்ந்து 90 பாகை. 37 போனால் 53.

கேள்வி (அதே மாணவி): பக்கங்களை மட்டும் கொடுத்தால் சைனா, காஸா, டேனா என்று குழம்பிவிடுகிறேன்.

பதில்: எந்தக் கோணத்தைக் கேட்கிறார்களோ அந்த மூலையில் விரலை வை. நேர் எதிரே இருப்பது எதிர்ப்பக்கம். செங்கோணத்துக்கு எதிரே இருப்பது கர்ணம். மிச்சம் அடுத்துள்ள பக்கம். எதிர்ப்பக்கத்தைக் கர்ணத்தால் வகுத்தால் சைன், அடுத்துள்ள பக்கத்தைக் கர்ணத்தால் வகுத்தால் காஸ், எதிர்ப்பக்கத்தை அடுத்துள்ள பக்கத்தால் வகுத்தால் டேன். விரலை மற்றக் குறுங்கோணத்துக்கு நகர்த்திப் பார்: கர்ணம் அப்படியே இருக்கும், மற்ற இரண்டும் பெயர் மாறிவிடும். சூத்திரம் தெரிந்த பிள்ளைகள்கூட மதிப்பெண்ணை விடுவது இங்கேதான். அதனால் படம் வரையாமல் கணக்கைத் தொடவே தொடாதே.

3, 4, 5 முக்கோணத்தை எடுத்துக்கொள். 3-க்கு எதிரே உள்ள கோணத்துக்கு டேன் 3/4, அதாவது 0.75. டேன் மதிப்பிலிருந்து கோணத்தைத் தரும் டேன் இன்வர்ஸ் போட்டால் 36.87 பாகை. சைன் 3/5 என்று போனாலும் அதே விடைதான். 4-க்கு எதிரே 53.13. கூட்டினால் 90 வருகிறதா, சரி. கொடுத்த இரண்டு பக்கங்களே போதும். பிதாகரஸ் போட்டு மூன்றாவதைத் தேடினால் வேலையும் கூடும், தசமத்தில் பிழையும் சேரும்.

கேள்வி (பாலிடெக்னிக் மாணவர்): டேன் இன்வர்ஸ் 0.75-க்கு என் கால்குலேட்டர் 0.6435 என்கிறது. இன்னொரு கணக்கில் சைன் இன்வர்ஸ் போட்டால் எர்ரர் வருகிறது.

பதில்: முதலாவது ரேடியன் தம்பி, அதாவது கோணத்தை அளக்கும் இன்னொரு அலகு; கால்குலேட்டரை டிகிரிக்கு (பாகைக்கு) மாற்றுங்கள். இரண்டாவதில் பின்னத்தைத் தலைகீழாக வகுத்திருப்பீர்கள். கர்ணத்தைவிட எதிர்ப்பக்கம் பெரிதாக இருக்கவே முடியாது, ஆகவே சைன் மதிப்பு 1-ஐத் தாண்டாது.

கேள்வி (பெயிண்டர்): ஏணியை எவ்வளவு சாய்த்துச் சாத்துவது சார்?

பதில்: நாலுக்கு ஒன்று என்பதுதான் பாதுகாப்பான கணக்கு அண்ணே. ஏணி சுவரைத் தொடும் உயரம் 12 அடி என்றால், அடிப்பாகம் சுவரிலிருந்து 3 அடி தள்ளி இருக்கட்டும். டேன் 12/3, அதாவது 4. தரையோடு ஏணியின் கோணம் சுமார் 76 பாகை. ஏணியின் நீளம் ஏறக்குறைய 12.4 அடி. அதையே 6 அடி தள்ளி ஊன்றினால் காஸ் 6/12.4, கோணம் 61-க்கு இறங்கிவிடும். வழவழப்பான டைல்ஸ் தரையில் அப்படி ஒருபோதும் வைக்காதீர்கள், கால் வழுக்கிக்கொண்டு போகும். ஏறும்போது கீழே ஒருவரைப் பிடிக்கச் சொல்லுங்கள்.