ஜெபக்கூட்டத்தில் எந்த வேதாகம மொழிபெயர்ப்பை வாசிப்பது என்ற சண்டைக்கு

வாட்ஸ்அப் குழுவில் பதில் போடாதீர்கள். எழுதி வைத்திருப்பதையும் அழித்துவிடுங்கள். பொது மொழிபெயர்ப்பிலிருந்து வாசித்ததற்காக எல்லோர் முன்னும் உங்களைக் கடிந்துகொண்ட பெரியவரை, அவர் வீட்டில் தனியாகப் பாருங்கள்.

அவருடைய கோபம் பெரும்பாலும் உபதேசத்தைப் பற்றியதாக இருக்காது. 1871இல் வந்த ‘பழைய திருப்புதல்’ என்ற மொழிபெயர்ப்பில்தான் அவர் சங்கீதங்களை மனப்பாடம் செய்திருப்பார். ‘கர்த்தர்’ என்றே கேட்டுப் பழகிய காதுக்கு, 1995இல் கத்தோலிக்கரும் சீர்திருத்தச் சபையினரும் சேர்ந்து கொண்டுவந்த அந்தப் பொது மொழிபெயர்ப்பின் ‘ஆண்டவர்’ அந்நியமாகப் படுகிறது. (23ஆம் சங்கீதத்தில் ‘தாழ்ச்சியடையேன்’ இல்லையென்றால் அது சங்கீதமே அல்ல என்பார் என் பாட்டி.)

போனதும் வாதாட வேண்டாம். அன்று வாசித்த பகுதியை இரண்டிலும் வாசித்து, எந்தச் சொல் உறுத்துகிறது என்று கேளுங்கள். ஒரு சொல்லைக் காட்டினால் பேச வழி இருக்கிறது. ‘எல்லாமே தவறு’ என்றால், காபியைக் குடித்துவிட்டு வந்துவிடுங்கள்.

மத்தேயு 18:15ஐக் கையில் எடுக்காதீர்கள். அது குற்றம் செய்த சகோதரனைப் பற்றியது. இங்கே பொருந்துவது, கருத்து வேறுபாடுகளில் ஒருவரையொருவர் தீர்ப்பிடாதிருக்கச் சொல்லும் ரோமர் 14. ஆனால் புதியதை வாசிப்பவர்களுக்கு இரட்சிப்பே இல்லை என்று அவர் மற்றவர்களிடம் சொல்லத் தொடங்கினால், ஆயரிடம் கொண்டுபோங்கள்.