துரையின் துவக்கு

கேள்வி: எங்கள் தோட்டத்துப் பழைய பங்களாவில், துரைமார் காலத்து லண்டன் துவக்கு ஒன்று கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது. வேலைப்பாட்டில் சொக்கிப்போனேன். கொலைக் கருவியை ரசிப்பது பிழையா? இப்படியொரு கைவேலை நம் மலைநாட்டில் யாருக்காவது வந்திருக்குமா?
- வாசகர் ஒருவர், அப்புத்தளை

பதில்: தாராளமாக ரசியுங்கள். தையற்காரர் சட்டைக்கு அளவெடுப்பதுபோல் ஆளின் கையையும் தோளையும் அளந்து செய்யும் துவக்கு அது. இரும்பு மரக்கட்டையில் உட்காரும் இடத்தைக் கவனித்தீர்களா? மயிரிழை நுழையாது. கட்டை வேலைக்காரன் இரும்பில் விளக்குப் புகையைப் பிடித்து, கட்டையில் வைத்து அழுத்துவான். கரி ஒட்டிய இடத்தை மட்டும் சுரண்டுவான். மறுபடி புகை, மறுபடி சுரண்டல். குழலுக்கு ஒருவன், கட்டைக்கு ஒருவன், சித்திர வேலைக்கு ஒருவன். பொறிக்கும் பெயர் மட்டும் கடை முதலாளியுடையது. கொழுந்து கிள்ளுவது யார், தேயிலைப் பெட்டியில் இருப்பது யார் பெயர் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா?

கொலைக் கருவி என்ற உறுத்தல் நியாயம்தான். 1,400 யானைகளுக்கு மேல் சுட்டதாகச் சொல்லப்படும் பிரிட்டிஷ் படை அதிகாரி மேஜர் ரொஜர்ஸ், 1845இல் உங்கள் அப்புத்தளையில்தான் இடி விழுந்து செத்தார். துவக்கைச் செய்தவனுக்கு அந்தப் பாவத்தில் பங்கே இல்லை என்று வாதாட மாட்டேன். ஆனாலும் கை நல்ல கை.

எனக்கு எரிச்சல் மூட்டியது உங்கள் இரண்டாவது கேள்வி. "நம் மலைநாட்டில் யாருக்காவது" என்றா கேட்கிறீர்கள்? பேர்போன லண்டன் கடைகள் திறக்க இருநூறு வருடம் முன்பே, கோவாவில் இருந்த லின்ஸ்கோட்டன் என்ற டச்சுக்காரர், இலங்கையர் செய்யும் துவக்குக் குழல் வெள்ளிபோல் மின்னும், அதைவிட அழகானது எங்கும் இல்லை என்று எழுதிவைத்தார். போர்த்துக்கேயரைப் பார்த்துப் பழகிய வேலை! கண்டித் துவக்கில் பூட்டு, அதாவது மருந்தைப் பற்றவைக்கும் பொறி, பெரும்பாலும் இடப்பக்கம் இருக்கும். பின்கட்டை இரண்டாகப் பிளந்திருக்கும். குழலில் வெள்ளிக் கொடி ஓடும், கட்டையில் தந்தம் பதிந்திருக்கும். கொடித்துவக்கு என்று சிங்களவரிடம் குடும்பப் பெயரே உண்டு, கேள்விப்பட்டதில்லையா?

கொழும்புக்குப் போனால் தேசிய நூதனசாலைக்குள் நுழையுங்கள். 1745 வாக்கில் லெவ்கே திசாவை (திசாவை என்றால் மாகாண அதிகாரி) கண்டி அரசனுக்குக் கொடுத்த சிறு பீரங்கி அங்கே இருக்கிறது. வெண்கலத்தில் பொன், வெள்ளி, மாணிக்கக்கல். (பீரங்கி துவக்காகுமா என்று மல்லுக்கு நிற்காதீர்கள்.) 1765இல் டச்சுப்படை கண்டியைச் சூறையாடித் தூக்கிக்கொண்டு போனது, 2023இல்தான் திரும்பி வந்தது. வாங்கிய அரசன் ஸ்ரீ விஜய ராஜசிங்கன், மதுரை நாயக்கர் வழி. அவன் பெயரைச் சொல்கிறார்கள், கொடுத்த திசாவையின் பெயரையும் சொல்கிறார்கள். கல் பதித்த ஆசாரியின் பெயரை நான் எங்கும் கண்டதில்லை.