கடிதப்பெட்டியில் எந்தப் பெயரை ஒட்டுவது? ஜெர்மனியில் என் முதல் பருவம்

"முதன்முறையாக வெளிநாட்டுக்குப் படிக்கச் சென்றபோது, முன்கூட்டி யாரும் சொல்லாமல் விட்டு, உங்களை உண்மையிலேயே தடுமாற வைத்தது எது?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

குளிர், சாப்பாடு, மொழி ஆகிய மூன்றையும் பற்றிக் கிளம்புவதற்கு முன்பே ஊரில் எல்லோரும் எச்சரித்துவிட்டார்கள். அதனால் அவை தொல்லையாக இருந்தாலும் திகைப்பாக இல்லை. குளிரை ஒரு தடித்த ஜாக்கெட்டும், சாப்பாட்டை அம்மா கட்டாயப்படுத்திப் பெட்டியில் வைத்த மூன்று லிட்டர் குக்கரும் பார்த்துக்கொண்டன. என்னைத் தடுமாற வைத்தது, அங்கே என்னை யாரும் எதற்காகவும் கேள்வி கேட்காததுதான். நான் வகுப்புக்கு வந்தேனா, தேர்வு எழுதப்போகிறேனா, கடிதம் கிடைத்ததா என்று கேட்க ஒரு ஆளும் இல்லை. திட்டுவதற்குக்கூட யாரும் இல்லாத நிலை எவ்வளவு ஆபத்தானது என்பது, இருபத்திரண்டு வயது வரை பெற்றோரும் ஆசிரியர்களும் மாறி மாறித் திட்டி வளர்த்த எனக்கு முதல் பருவத்தில்தான் புரிந்தது.

என் சொந்த ஊர் ராஜபாளையம். அப்பா நூற்பாலை ஒன்றில் மேற்பார்வையாளர். கட்டடப் பொறியியல் முடித்துவிட்டு, நீரியல் பொறியியலில் ஆங்கில வழி முதுநிலைப் படிப்புக்காக, 2019 அக்டோபர் முதல் வாரத்தில் ஜெர்மனியின் கிழக்குப் பகுதியில், எல்பே ஆற்றங்கரையில் இருக்கும் டிரெஸ்டன் நகருக்குச் சென்றேன். அரசுப் பல்கலைக்கழகம் என்பதால் கல்விக் கட்டணம் இல்லை. ஆனால் 'பிளாக்டு அக்கவுண்ட்' என்று மாணவர்கள் சொல்லும் கணக்கில் ஓராண்டு வாழ்க்கைச் செலவுக்கான பணத்தை முன்கூட்டியே போட்டுக் காட்டினால்தான் விசா. அந்தத் தொகை 8,640 யூரோவிலிருந்து 10,236 யூரோவாக உயர்ந்தது சரியாக 2019 செப்டம்பரில். யூரோ ஏறத்தாழ 79 ரூபாயாக இருந்த அந்த நாளில், கூடுதல் தொகை மட்டும் ஒன்றேகால் லட்சத்துக்கு மேல் வந்தது. அது எங்கிருந்து வந்தது என்று நான் கேட்கவில்லை. கிளம்பும் நாளில் அம்மாவின் கை வெறுமையாக இருந்தது.

போய் இறங்கிய இரண்டு வாரங்களுக்குள் நகர அலுவலகத்தில் முகவரியைப் பதிவு செய்ய வேண்டும். 'ஆன்மெல்டுங்' என்ற இந்தச் சொல்லைத்தான் நான் ஜெர்மன் மொழியில் முதலில் பிழையில்லாமல் உச்சரித்தேன். அதற்கு விடுதிக்காரர் தரும் சான்று வேண்டும். அந்தப் பதிவுத் தாளைக் காட்டினால் வங்கிக் கணக்கு திறக்கலாம், கணக்கு இருந்தால் முடக்கப்பட்ட பணம் மாதம் 853 யூரோவாக வெளியே வரும். இவற்றையெல்லாம் பத்து நாளில் முடித்துவிட்டு, வங்கி அட்டைக்கும் அதன் ரகசிய எண்ணுக்கும் காத்திருந்தேன். இரண்டும் தனித்தனிக் கடிதங்களாகத் தபாலில் வரும் என்றார்கள். ஒரு வாரம் போயிற்று, இரண்டு வாரம் போயிற்று. உடன் வந்தவர்களுக்கெல்லாம் வந்துவிட்டது. எனக்கு மட்டும் எதுவும் வரவில்லை. கையில் கொண்டுவந்த நோட்டுகள் கரைந்துகொண்டிருந்தன.

கடைசியில், 'ஹவுஸ்மைஸ்டர்' என்று அழைக்கப்படும் விடுதிப் பராமரிப்பாளரிடம் சென்று கேட்டேன். அவர் என் கடிதப்பெட்டியைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார், பிறகு பாஸ்போர்ட்டைக் கேட்டார். அந்த ஊரில் முகவரியில் அறை எண் எழுதும் வழக்கம் பெரும்பாலும் இல்லை. தெருப் பெயரும் கட்டட எண்ணும் மட்டுமே இருக்கும். தபால்காரர் பெட்டிகளின் மேல் ஒட்டியிருக்கும் குடும்பப் பெயரைப் பார்த்துத்தான் கடிதத்தைப் போடுவார். நானும் பெயரை ஒட்டியிருந்தேன், அதுவும் அழகாக. ஆனால் ஒட்டியது என் பெயரை. நம் வழக்கப்படி இனிஷியலாக இருந்த அப்பாவின் பெயரை பாஸ்போர்ட்டில் 'சர்நேம்' என்ற கட்டத்தில் நிரப்பியிருந்ததால், ஜெர்மானிய அரசைப் பொறுத்தவரை நான் என் அப்பாவின் பெயரைத் தாங்கிய ஒரு மனிதன். வங்கியும் காப்பீட்டு நிறுவனமும் வரித்துறையும் அனுப்பிய கடிதங்கள் அத்தனையும் அப்பாவின் பெயருக்கு வந்து, அப்படி ஒருவர் அந்தக் கட்டடத்தில் இல்லை என்று திரும்பிப் போய்க்கொண்டிருந்தன.

அன்று மாலையே அப்பாவின் பெயரை எழுதி ஒட்டினேன். அடுத்த வாரம் முதல் கடிதம் வந்து சேர்ந்தது. ஆவலோடு பிரித்தால், பொது ஒலிபரப்புக்காக ஒவ்வொரு வீடும் செலுத்த வேண்டிய மாதக் கட்டணம் 17.50 யூரோவுக்கான அறிவிப்பு. என்னிடம் தொலைக்காட்சியும் இல்லை, வானொலியும் இல்லை. இருந்தாலும் இல்லாவிட்டாலும் கட்ட வேண்டும் என்பதுதான் அந்தச் சட்டம். அலுவலகங்களில் எல்லோரும் என்னை அப்பாவின் பெயரோடு 'ஹெர்' (நம் 'திரு' போல) சேர்த்து மரியாதையாக அழைப்பார்கள். முதல் சில மாதங்கள், அப்பா எங்கோ பின்னால் நிற்பது போலத் திரும்பிப் பார்ப்பேன்.

இந்தக் குழப்பத்துக்கு நடுவில் தீபாவளி வந்தது. 2019-இல் அது அக்டோபர் 27, ஞாயிற்றுக்கிழமை. இந்திய நேரப்படி காலை ஏழு மணிக்கு, எல்லோரும் எண்ணெய் தேய்த்துக் குளித்து முடித்த பிறகு அழைப்பதாக அம்மாவிடம் சொல்லியிருந்தேன். மூன்றரை மணி நேர வித்தியாசத்தைக் கணக்கிட்டு, கைப்பேசியில் அதிகாலை 3.30-க்கு அலாரம் வைத்துவிட்டுப் படுத்தேன். ஆனால் ஐரோப்பாவில் அக்டோபரின் கடைசி ஞாயிறன்று அதிகாலை மூன்று மணியாகும்போது கடிகாரத்தை இரண்டுக்குத் திருப்பி வைக்கிறார்கள். கைப்பேசியும் சொல்லாமல் கொள்ளாமல் தன்னைத் திருத்திக்கொண்டது. நான் எழுந்தபோது ஊரில் மணி எட்டு. அம்மா என் தூக்கத்தைக் கெடுக்க வேண்டாம் என்று அழைக்காமல், பலகாரத் தட்டை முன்னால் வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் காத்திருந்திருக்கிறார். ஆலைச் சங்கை வைத்தே வாழ்நாளெல்லாம் நேரம் பார்த்த அப்பாவுக்கு, ஒரு தேசமே சேர்ந்து கடிகாரத்தைப் பின்னால் தள்ளுகிறது என்பதை ஏற்க முடியவில்லை. நான் தூங்கிவிட்டதை மறைப்பதற்காகச் சொல்லும் கதை என்றே அவர் வெகுநாள் நினைத்தார். அன்று ஞாயிறு என்பதால் கடைகள் மூடியிருந்தன. பாயசம் வைக்கப் பால் வாங்க, திறந்திருந்த ரயில் நிலையக் கடை வரை நடந்தேன்.

வகுப்புகளுக்கு வருகிறேன். டிரெஸ்டனில் முதல் பாடவேளை காலை 7.30-க்கே தொடங்கிவிடும், ஒவ்வொன்றும் தொண்ணூறு நிமிடம். டிசம்பரில் சூரியன் எட்டு மணிக்குப் பிறகே எழுந்து நான்கு மணிக்கெல்லாம் போய்விடுவதால், இருட்டில் டிராம் ஏறி இருட்டிலேயே திரும்புவேன். முதல் நாள் பேராசிரியர் உள்ளே வந்ததும் நான் எழுந்து நின்றேன். நின்றது நான் மட்டும்தான். பாடம் முடிந்ததும் அத்தனை பேரும் விரல் முட்டிகளால் மேசையைத் தட்டினார்கள். ஏதோ ரகளை தொடங்குகிறது என்று பையை எடுத்துக்கொண்டு கிளம்பத் தயாரானேன், அது பேராசிரியருக்குச் செலுத்தும் நன்றி என்று பக்கத்தில் இருந்தவர் சொன்னார். வருகைப் பதிவேடு கிடையாது. எங்கள் கல்லூரியில் 75 சதவீதத்துக்குக் கீழே போனால் வகுப்பு ஆலோசகர் வீட்டுக்கு அழைத்துவிடுவார். இங்கே நான் ஒரு வாரம் காய்ச்சலில் படுத்துவிட்டு மருத்துவச் சான்றிதழோடு பேராசிரியரிடம் போனபோது, அந்தத் தாளை என்ன செய்வது என்று அவருக்கே தெரியவில்லை.

மொழி பற்றி ஒன்றே ஒன்று மட்டும். டிரெஸ்டன் இருக்கும் சாக்சனி மாநிலத்தில் 'ஆம்' என்பதற்கு 'நூ' என்று சொல்வார்கள், ஜெர்மன் வகுப்பில் இதைச் சொல்லித் தரவில்லை. ரொட்டிக் கடையில் "இது இறைச்சி இல்லாததா?" என்று கேட்பேன், கடைக்கார அம்மையார் "நூ" என்பார், நான் அதை 'நோ' என்று எடுத்துக்கொண்டு திருப்பி வைத்துவிடுவேன். சுமார் ஒரு மாதம் அந்தக் கடையில் வெறும் ரொட்டியை மட்டுமே வாங்கினேன்.

நவம்பரில் முதல் அறிக்கை கொடுக்க வேண்டியிருந்தது. தலைப்பு 2002 ஆகஸ்ட் வெள்ளம். அந்த ஆண்டு ஆகஸ்ட் 17 அன்று டிரெஸ்டனில் எல்பேயின் நீர்மட்டம் 9.40 மீட்டரைத் தொட்டது. அதற்கும் சில நாட்களுக்கு முன், பல பத்தாண்டுகளுக்கு முன்பே வேறு தடத்துக்குத் திருப்பிவிடப்பட்டிருந்த வைசெரிட்ஸ் என்ற சிறு ஆறு பெருகி, தன் பழைய படுகையின் வழியே வந்து மத்திய ரயில் நிலையத்துக்குள் புகுந்தது. நான் இணையத்தில் கிடைத்த நல்ல பத்திகளைத் தொகுத்து, சொற்களைச் சற்று மாற்றி, பன்னிரண்டு பக்கம் கொடுத்தேன். நம் ஊரில் ரெக்கார்டு நோட்டு எழுதிப் பழகிய கைக்கு அதில் எந்த உறுத்தலும் இல்லை. அதைத் திருத்திய ஆய்வு உதவியாளர் மதிப்பெண் எதுவும் போடாமல், "இதில் எந்த வாக்கியங்கள் உங்களுடையவை?" என்று ஓரத்தில் எழுதித் திருப்பித் தந்தார். நான் நேரில் போய்க் கேட்டபோது, 2011-இல் பாதுகாப்பு அமைச்சராக இருந்த கார்ல்-தியோடோர் ஸு குட்டன்பெர்க் தம் முனைவர் பட்ட ஆய்வேட்டில் பிறர் எழுத்தைக் குறிப்பிடாமல் எடுத்தாண்டதற்காகப் பட்டத்தையும் பதவியையும் இழந்த கதையைச் சொன்னார். பிறகு, ரயில் நிலையத்துக்குப் போய் நின்று ஆறு எந்தப் பக்கமிருந்து வந்திருக்கும் என்று யோசித்துப் பார்க்கச் சொன்னார். போனேன். இரண்டாவது அறிக்கை ஐந்து பக்கம்தான் வந்தது. அது என்னுடையது.

இத்தனைக்குப் பிறகும் பெரிய அடி பிப்ரவரியில் விழுந்தது. அங்கே ஒரு பாடத்தில் சேர்வது வேறு, அதன் தேர்வுக்குப் பதிவு செய்வது வேறு. பருவத்தின் முடிவில் ஒரே ஒரு தேர்வு. அதை எழுதப்போகிறேன் என்று குறிப்பிட்ட நாட்களுக்குள் நாமே இணையத்தில் பதிவு செய்ய வேண்டும். என் ஐந்து பாடங்களில் நான்குக்கு நண்பர்களோடு உட்கார்ந்து பதிவு செய்துவிட்டேன். ஐந்தாவதை வேறொரு துறை நடத்தியது. அதன் கெடு முன்னதாகவே முடிந்திருந்தது. டிராமில் ஒருவர் பேச்சுவாக்கில் "பதிவு செய்துவிட்டாயா?" என்று கேட்டபோது கெடு முடிந்து இரண்டு நாள் ஆகியிருந்தது.

எனக்குப் பெரிய பதற்றம் இல்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். கல்லூரியில் தேர்வுக் கட்டணத்தை மறந்தால், துறைத் தலைவரின் கையெழுத்தோடு ஒரு கடிதமும் தாமதக் கட்டணமும் கொடுத்தால் காரியம் முடிந்துவிடும். அதே நம்பிக்கையோடு, வாரத்தில் இரண்டு நாள் மட்டும் திறக்கும் தேர்வு அலுவலகத்துக்குக் கடிதம் எழுதி எடுத்துக்கொண்டு போனேன். அங்கிருந்த பெண்மணி பொறுமையாகக் கேட்டார், கணினியில் பார்த்தார், "நீங்கள் பதிவு செய்யவில்லை, அடுத்த பருவத்தில் எழுதலாம்" என்றார். அபராதம் கட்டத் தயார் என்றேன். அப்படி ஒரு ஏற்பாடே இல்லை என்றார். இதை எனக்கு யாரும் சொல்லவில்லையே என்றேன். அவர் சற்று யோசித்துவிட்டு, "யார் சொல்லியிருக்க வேண்டும்?" என்று கேட்டார். அதில் கிண்டலும் இல்லை, கோபமும் இல்லை. உண்மையாகவே பதில் தெரிந்துகொள்ளும் ஆர்வத்தோடுதான் கேட்டார். என்னிடம் பதில் இல்லை. வகுப்பு ஆலோசகர், அலுவலக உதவியாளர், பக்கத்து வீட்டு அண்ணன், அப்பா என்று மனத்துக்குள் ஒவ்வொருவராக வந்துபோனார்கள். அவர்களில் ஒருவரும் டிரெஸ்டனில் இல்லை.

அன்று வாங்கிய நாட்குறிப்பு இன்னும் என்னிடம் இருக்கிறது. எல்லாத் துறைகளின் பதிவு நாட்களும், ஒரு கட்டாயப் பாடத்தில் எத்தனை முறை தோற்றால் படிப்பே முடிந்துபோகும் என்பதும் (என் படிப்பில் மூன்று முறை) முதல் பக்கத்தில் இருக்கின்றன. நீங்கள் இப்போது கிளம்பிக்கொண்டிருப்பவராக இருந்தால், ஊறுகாய் பாட்டிலைச் சுற்றி வைக்கும் நேரத்தில் உங்கள் படிப்பின் தேர்வு விதிமுறைகளை ஒருமுறை முழுதாகப் படித்துவிடுங்கள். அது பெரும்பாலும் ஜெர்மன் மொழியில்தான் இருக்கும். மொழிபெயர்ப்புக் கருவியில் போட்டாவது படியுங்கள். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்று எது இருக்கிறதோ அதையே பெட்டியில் ஒட்டுங்கள்.

அடுத்த பருவம் தொடங்கும் முன்பே கொரோனா வந்து எல்லாம் அறைக்குள் சுருங்கிப்போனது. விட்டுப்போன தேர்வை 2020 கோடையில், ஒருவருக்கொருவர் வெகுதூரம் தள்ளி உட்கார வைத்த பெரிய மண்டபத்தில், முகக்கவசத்தோடு எழுதினேன். பதிவு தொடங்கிய முதல் நாளிலேயே பதிந்திருந்தேன். முடிவு 3.7 என்று வந்தது. ஜெர்மனியில் 1.0 என்பது முதல் தரம், 4.0 என்பது தேர்ச்சியின் கடைசி எல்லை, அதற்குக் கீழே 5.0 என்றால் தோல்வி. அதாவது நான் மயிரிழையில் தப்பியிருந்தேன். தொலைபேசியில் எண்ணை மட்டும் சொன்னேன். 4-க்கு 3.7 என்று புரிந்துகொண்ட அப்பா, ஆலையில் இனிப்பு வாங்கிக் கொடுத்திருக்கிறார். இன்றுவரை நான் அதைத் திருத்தவில்லை.