துருப்பிடித்த ஆணி குத்தினால் மட்டும்தான் டெட்டனஸ் ஊசி வேண்டுமா?

இல்லை. கிராமத்து இளைஞர்கள் பலரும் இப்படி நம்புகிறார்கள், ஆனால் துரு இந்த நோயைத் தருவதில்லை. டெட்டனஸ் கிருமியின் வித்துகள் மண்ணிலும் சாணத்திலும் இருக்கின்றன. ஆழமான காயத்துக்குள், காற்றுப் படாத இடத்தில் அவை முளைத்து நஞ்சைச் சுரக்கும். அதனால் வயலில் முள் குத்தினாலும், மண்வெட்டி பட்டாலும் ஆபத்துதான். காயத்தில் மண்ணை அப்பி ரத்தத்தை நிறுத்துவதைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்!

முதலில் ஓடும் நீரில் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். அப்புறம் கடைசி ஊசி எப்போது என்று பாருங்கள். சிறுவயதுத் தவணைகளை முழுமையாகப் போட்டவர்களுக்கு, அழுக்கான காயமென்றால் 5 ஆண்டு, சுத்தமான சிறு காயமென்றால் 10 ஆண்டு கடந்திருந்தால் மறுபடி தேவை. தடுப்பூசி அட்டையைப் படமெடுத்துப் போனில் வைத்திருங்கள், தேதி யாருக்கும் நினைவிருப்பதில்லை.