ஸ்கேன் செய்தாயிற்று, இனி ஓலை எதற்கு?

(32 ஆண்டுகள் ஆவணக் காப்பகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற நாகர்கோவில் அம்மா, இந்த இதழில் வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.)

கேள்வி: அம்மா, என் மகள் வரலாற்றில் எம்.ஏ. முடித்துவிட்டு ஆவணக் காப்பகப் படிப்புக்குப் போக வேண்டும் என்கிறாள். எல்லாமே இன்டர்நெட்டில் வந்த பிறகு அந்த வேலை இருக்குமா? "தூசி தட்டவா இவ்வளவு படிப்பு?" என்று சொந்தக்காரர்கள் கேட்கிறார்கள்.
– தக்கலை வாசகர்

பதில்: படிக்கட்டும். தைரியமாக அனுப்புங்கள்.

நான் சேர்ந்த புதிதில், ஆவணம் தேடி வருகிறவர் என் மேசைக்கு எதிரே வந்து உட்காருவார். "தோவாளைப் பக்கம் எங்கள் தாத்தா நிலத்தை ஒற்றி (அடமானம்) வைத்த பிரமாணம் (பத்திரம்) கிடைக்குமா?" என்பார். எந்த வருஷம், எந்தப் பகுதி என்று நாலு கேள்வி கேட்டுவிட்டு நான் எழுந்து போய் அந்த ஆவணக் கட்டை எடுத்து வருவேன். எந்த அலமாரியில் என்ன இருக்கிறது என்பது என் தலைக்குள் இருந்தது. இப்போது அவருடைய பேரன் துபாயில் இருந்துகொண்டு ராத்திரி 11 மணிக்குக் கைபேசியில் தேடுகிறான். எதிரே கேள்வி கேட்க யாரும் இல்லை. அன்றைக்கு நான் வாயால் சொன்னதை எல்லாம் இன்றைக்கு ஒருவர் முன்கூட்டியே எழுதி வைத்திருக்க வேண்டும். வேலை மாறியிருப்பது இந்த இடத்தில்தான்.

ஓர் உதாரணம் சொல்கிறேன். அந்தப் பேரன் "1934" என்று அடித்துத் தேடுவான். பிரமாணத்தில் இருப்பதோ 1110. நம் குமரி மாவட்டம் திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்த காலத்துப் பத்திரம் என்றால் கொல்லம் ஆண்டுதான், அது ஆவணியில் பிறக்கும். ஆங்கில ஆண்டு தெரிய, ஆவணியிலிருந்து மார்கழி நடுவரை 824-ஐக் கூட்ட வேண்டும். அதற்குப் பிறகு ஆடி முடிய 825-ஐக் கூட்ட வேண்டும். 1110 ஆவணி என்றால் 1934. அதே 1110-இல் தை என்றால் 1935. ஒருவர் உட்கார்ந்து மாதத்தையும் பார்த்து, கொல்லம் ஆண்டு, ஆங்கில ஆண்டு இரண்டையும் விவரக் குறிப்பில் எழுதினால்தான் அந்தப் பத்திரம் பேரன் கண்ணில் படும். வெறும் படத்தை மட்டும் ஏற்றிவிட்டால், அது இருந்தும் இல்லாத மாதிரிதான். அப்புறம் ஒற்றி, பாட்டம் (குத்தகை), பண்டாரவகை (அரசு நிலம்) போன்ற சொற்களுக்கு விளக்கம் வேண்டும். நாகர்கோவில், நாகர்கோயில் என்று இரண்டு விதமாகவும் எழுத வேண்டும். மலையாள எழுத்தில் இருக்கிற பத்திரத்துக்குத் தமிழில் சுருக்கம் வேண்டும். உங்கள் மகள் மலையாளம் எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டால், நம் மாவட்டத்தில் அவளுக்கு வேலை தீராது.

இன்னொன்றும் உண்டு. 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் தமிழகத்தோடு சேர்ந்தன. நிலம் வந்தது, மக்கள் வந்தோம். திருவிதாங்கூர் அரசின் பழைய பதிவுகளில் பெரும்பகுதி திருவனந்தபுரத்திலேயே இருக்கிறது. அதற்குப் பிந்திய அரசுப் பதிவுகளுக்குச் சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்குப் போக வேண்டும். ஒரே குடும்பத்தின் கதை இரண்டு மாநிலத்தில் கிடக்கிறது. இவற்றை ஒரே திரையில் அருகருகே வைத்துப் பார்க்க இணையத்தால் முடியும். அதைச் செய்து முடிக்கிற தலைமுறையில் உங்கள் மகளும் இருக்க வேண்டும் என்று மனதார ஆசைப்படுகிறேன்.

கேள்வி: அக்கா, எங்கள் பழைய வீட்டுப் பெட்டியில் ஒரு கட்டு ஓலை இருந்தது. பேரன் எல்லாவற்றையும் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டான். இனி ஓலையை ஆடிப்பெருக்கன்று பழையாற்றில் விட்டுவிடலாமா?
– பூதப்பாண்டி வாசகி

பதில்: தயவுசெய்து விட வேண்டாம். உங்கள் ஊருக்குப் பக்கத்தில்தானே அழகியபாண்டியபுரம்? அங்கே பெரிய வீட்டு முதலியார் குடும்பம் தன் ஓலைகளை ஆற்றில் விடாமல் வைத்திருந்தது. அதனால்தான் நாஞ்சில்நாட்டின் பழைய நிலம், வரி, அடிமை முறி (ஆட்களை அடிமையாக விற்ற பத்திரம்) பற்றி எல்லாம் இன்றைக்கு நாம் பேச முடிகிறது. கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை ஆராய்ந்த ஓலைகள் அவை.

வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்புகிற படம் சுருங்கிவிடும். ஓலையில் புள்ளி வைக்க மாட்டார்கள், கீறல் மெல்லியதாக இருக்கும், சுருங்கிய படத்தில் எழுத்தே மாறித் தெரியும். பேரனிடம் மூலப் படங்களை அழிக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். இரண்டு பக்கமும் எடுத்தானா, கட்டில் இருந்த வரிசையில் எடுத்தானா என்றும் கேளுங்கள். வரிசை குலைந்தால் ஒரு கணக்கின் பாதி இன்னொரு கணக்கோடு ஒட்டிக்கொள்ளும். அந்தப் பெட்டி யார் வீட்டில், எந்த அறையில் இருந்தது, யார் கைமாறி வந்தது என்று உங்களுக்குத் தெரிந்ததை ஒரு தாளில் எழுதிக் கூடவே வையுங்கள். அதை எந்தக் கேமராவும் எடுத்துத் தராது. உங்களை விட்டால் சொல்ல ஆளும் இல்லை. ஓலையில் தேங்காய் எண்ணெய், நல்லெண்ணெய் எதுவும் தடவ வேண்டாம். புல்தைலம் (எலுமிச்சைப்புல் எண்ணெய்) பூசுவது பழைய வழக்கம்தான் என்றாலும், பழகிய கை செய்ய வேண்டிய வேலை அது.

கேள்வி: எங்கள் ஊர் வாசகசாலையின் பழைய மினிட் புத்தகங்களை (கூட்டக் குறிப்பேடுகளை) எல்லாம் ஸ்கேன் செய்து ஒரு ஹார்டு டிஸ்க்கில் போட்டுவிட்டோம். இனிக் கவலை இல்லைதானே?
– மார்த்தாண்டம் வாசகர்

பதில்: தம்பி, செய்த வேலைக்கு முதலில் என் வணக்கம். ஆனால் ஒரே டிஸ்க் என்பதைக் கேட்டதும் எனக்குத் திக்கென்றது. நான் வேலை பார்த்த ஓரிடத்தில் யுனிகோடு (எல்லாக் கணினியிலும் தமிழ் ஒன்றுபோலத் தெரிய வைக்கும் பொது எழுத்துக் குறியீடு) பரவுவதற்கு முன்னால், கையெழுத்து அட்டவணை முழுவதையும் மாதக்கணக்கில் தட்டச்சு செய்து சிடிகளில் பதிந்தோம். சில வருஷம் கழித்துப் போட்டுப் பார்த்தால் சில சிடிகள் திறக்கவே இல்லை. திறந்தவற்றிலும் தமிழ் இருக்க வேண்டிய இடத்தில் ஆங்கில எழுத்தும் குறிகளுமாக நின்றன. அந்த எழுத்துரு எந்தக் கணினியிலும் இல்லை. கையால் எழுதிய பழைய அட்டவணை நோட்டை ஒரு பியூன் அண்ணன் எடைக்குப் போடாமல் ஒதுக்கி வைத்திருந்தார். அதை வைத்து மறுபடி முதலிலிருந்து செய்தோம்.

இந்த வாரமே இன்னும் இரண்டு பிரதி எடுங்கள். ஒன்று வேறு ஊரில் இருக்கட்டும். வருஷம் ஒரு முறை திறந்து பாருங்கள். மினிட் புத்தகங்களை யாரும் எடைக்குப் போட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.