31 மாவட்டம் வெளுப்பு, சென்னை மட்டும் கறுப்பு

கேள்வி: ஐயா, நான் எம்.எஸ்ஸி. புவியியல் முதலாண்டு. 2011 கணக்கெடுப்பை வைத்து, தமிழ்நாட்டின் மக்கள் அடர்த்தியை மாவட்டவாரியாக நிறமிட்டு வரைந்தேன். சென்னை மட்டும் கருஞ்சிவப்பு, மீதி மாநிலம் முழுக்க வெளிர்மஞ்சள். எண்களைச் சரிபார்த்துவிட்டேன், தப்பில்லை. பிறகு ஏன் இப்படி? - மாணவி, திருச்சி

பதில்: வரைபட மென்பொருளில் 'சம இடைவெளி' என்பதைத் தேர்ந்தெடுத்திருப்பீர்கள் அம்மா, அது பண்ணிய வேலை. நீலகிரியில் சதுர கிலோமீட்டருக்கு 300 பேர்கூட இல்லை. சென்னையில் 26,553 பேர். இந்த நீளத்தை ஐந்து சம துண்டாக வெட்டினால் ஒவ்வொன்றும் 5,200-க்கு மேல் வரும். சென்னைக்கு அடுத்தபடி நெருக்கமான கன்னியாகுமரியே 1,100-ஐ ஒட்டித்தான் நிற்கிறது. ஆக, அன்றைய 32 மாவட்டங்களில் 31 முதல் துண்டிலேயே அடைந்துவிடும். நடுவிலுள்ள மூன்று நிறங்களுக்குப் படத்தில் வேலையே இல்லை, எந்த நிறம் எந்த எண் என்று சொல்லும் லெஜெண்டில் சும்மா உட்கார்ந்திருக்கும்.

நிறத்தைத் தொடுவதற்கு முன் 32 எண்களையும் ஏறுவரிசையில் ஒரு தாளில் எழுதுங்கள். எங்கே கூட்டமாக நிற்கின்றன, எங்கே இடைவெளி விழுகிறது என்று கண்ணுக்கே தெரியும். சென்னைக்குத் தனி வகுப்பு, அதாவது தனி நிறத் துண்டு, கொடுத்துவிடுங்கள். மாநிலச் சராசரி 555. அதை ஒரு வெட்டாக வைத்தால், சராசரிக்கு மேலே யார், கீழே யார் என்பது தானாக விளங்கும். 'இயற்கை முறிவு' என்ற பொத்தான் இந்த வேலையை ஓரளவு செய்யும். ஆனால் 2001, 2011 இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கப் போகிறீர்கள் என்றால் அந்தப் பொத்தான் வேண்டாம். ஒவ்வொரு படத்துக்கும் அது வேறு வேறு வெட்டு போடும். ஒரே நிறம் இரண்டு படத்தில் இரண்டு அர்த்தமாகிவிடும்.

அப்புறம், வகுப்பு ஐந்துக்கு மேல் போக வேண்டாம். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் டிரேசிங் தாளில் மைக்கோடு போட்டுத்தான் மாவட்டத்தை நிரப்புவோம். அடர்த்தி கூடக் கூடக் கோடு நெருங்கும். ஆறாவது வகுப்பு என்று யாராவது சொன்னால் அறையே முறைக்கும். இப்போது கை வலிப்பதில்லை, அதனால் ஒன்பது, பத்து என்று போடுகிறார்கள். ஒன்பது சிவப்பில் ஐந்தாவது எது, ஆறாவது எது என்று லெஜெண்டையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்துக் கழுத்து வலிப்பது வாசகருக்குத்தான்.

கேள்வி: அடர்த்திக்குப் பதில் மொத்த மக்கள்தொகையையே நிறமாகக் காட்டினால்? - மாணவர், மதுரை

பதில்: வேண்டாம் தம்பி. பரப்பு பெரிதாக இருக்கும் மாவட்டம் நிறத்தையும் பெரிதாக வாங்கிக்கொண்டு, ஆள் நெருக்கம் அதிகம் என்ற மயக்கத்தைத் தரும். மொத்த எண்ணுக்கு வட்டம் போடுங்கள். மக்கள் நான்கு மடங்கு என்றால் ஆரம் இரண்டு மடங்கு. பரப்புதான் எண்ணோடு பொருந்த வேண்டும்.

கேள்வி: 2011 தரவை மாவட்ட ஷேப்ஃபைலோடு (எல்லைகள் அடங்கிய கணினிக் கோப்பு) இணைத்தால் ஆறு மாவட்டம் காலியாக வருகிறது. தரவு விட்டுப்போயிருக்கிறதா? - மாணவி, சேலம்

பதில்: தரவு முழுசாகத்தான் இருக்கிறது. உங்கள் ஷேப்ஃபைல் இன்றையது, அதில் 38 மாவட்டம். தென்காசி, கள்ளக்குறிச்சி, செங்கல்பட்டு, இராணிப்பேட்டை, திருப்பத்தூர் 2019-இலும், மயிலாடுதுறை 2020-இலும் பிறந்தவை. 2011-இல் அவற்றுக்குப் பெயர் ஏது?

காலியாக வருவதாவது கண்ணில் படும். படாதது ஒன்று இருக்கிறது. சென்னை மாவட்டம் 2018-இல் விரிந்தது. சுமார் 175 சதுர கிலோமீட்டராக இருந்தது 426 ஆனது. 2011-இன் 46 லட்சத்து 46 ஆயிரம் பேரை இன்றைய பரப்பால் வகுத்தால் அடர்த்தி சுமார் 10,900 என்று வரும். மென்பொருள் முணுமுணுக்காமல் வரைந்து கொடுக்கும். சேர்ந்த தாலுகாக்களின் பரப்பு கணக்கில் வந்துவிட்டது, அங்கே வாழ்ந்தவர்கள் வரவில்லை. அப்படியே வேலூர், விழுப்புரம், திருநெல்வேலி எல்லாவற்றையும் சந்தேகியுங்கள், அவையும் பிரிந்தவைதான். ஒன்று, 2011 எல்லையையே தேடி எடுங்கள். இல்லாவிட்டால் தாலுகா எண்களைக் கூட்டிப் புதிய மாவட்டங்களுக்குக் கணக்கிடுங்கள். எந்த ஆண்டின் எல்லை என்பதைப் படத்தின் அடியில் எழுதிவிடுங்கள்.

கேள்வி: பாடப்புத்தகம் மாநிலத்தின் பெயரை ஆங்கிலத்தின் பெரிய எழுத்தில் (கேப்பிட்டல்) போடு, எழுத்துகளை விலக்கி வை என்கிறது. தமிழில் எப்படி? - மாணவர், தஞ்சாவூர்

பதில்: நமக்குப் பெரிய எழுத்து, சின்ன எழுத்து கிடையாது. அளவு, தடிமன், நிறம் இந்த மூன்றை வைத்துத்தான் மாவட்டம், தாலுகா, ஊர் என்று தரம் பிரிக்க வேண்டும். ஆறு, ஏரிக்குச் சாய்வெழுத்து வேண்டாம், நீல நிறமே போதும். தமிழ் எழுத்துருவைச் செயற்கையாகச் சாய்த்தால் சுழியெல்லாம் நெளிந்து படிக்கச் சகிக்காது. எழுத்துகளை விலக்கும்போது சில மென்பொருளில் கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம் போய்விடும். பெரம்பலூர் என்று எழுதிச் சோதித்துப் பாருங்கள். இராமநாதபுரத்துக்கும் திருவண்ணாமலைக்கும் இடம் பிடித்த பிறகு கரூர், தேனியை வையுங்கள். குட்டிப் பெயர்கள் எங்கேயும் நுழைந்துகொள்ளும்.